எஃப்.எம்.ஆர்.ஐ படம் கோணினால்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

தஞ்சாவூர், திருச்சி, கும்பகோணம் பக்கம் எஃப்.எம்.ஆர்.ஐ (மூளை வேலை செய்வதைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ முறை) செய்கிற ஆராய்ச்சி மாணவர்களும், நோயாளிகள் எல்லாம் போன பிறகு ராத்திரியில் அவர்களுக்காக எந்திரத்தை ஓட்டிக் கொடுக்கிற டெக்னீஷியன்களும் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இதை எந்த சாஃப்ட்வேரில் சரி பண்ணலாம்?" சாஃப்ட்வேர் அப்புறம் இருக்கட்டும். படத்தில் என்ன தெரிகிறது என்று முதலில் சொல்லுங்கள். இடம் மாறிப்போன சிக்னல் வேறு, இல்லாமலே போன சிக்னல் வேறு. இடம் மாறியதைக் கணக்குப் போட்டு அதன் இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். இல்லாமல் போனதை எந்தக் கணக்கும் திருப்பித் தராது, மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டியதுதான். கீழே சொல்லியிருக்கிற அறிகுறி எதுவானாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே படியுங்கள்.

இந்தத் தொல்லை ஏன் வருகிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் மீதி எளிது. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் காந்தத்தால் ஈர்க்கப்படும், ஆக்சிஜன் ஏறியது ஈர்க்கப்படாது. இதை 1936இல் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெலும் கண்டுபிடித்தார்கள். அந்த வித்தியாசத்தையே மூளை வேலை செய்வதன் அடையாளமாகப் படம் எடுக்கலாம் என்று 1990இல் செய்ஜி ஒகாவா குழு காட்டியது. ஆக நாம் தேடுகிற சிக்னலே காந்தப்புலத்தில் உண்டாகிற ஒரு சின்னக் கலைவுதான், அதனால் படத்தின் வெளிச்சம் மாறுவதும் 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு) எந்திரத்தில் ஒன்றிரண்டு சதவீதம்தான். அந்தக் கலைவை உணரக்கூடிய முறை மூக்குக்குப் பின்னால் இருக்கிற காற்றறை உண்டாக்கும் கலைவையும் சேர்த்துத்தான் உணரும். இதை மட்டும் காட்டு, அதை விடு என்று எந்திரத்திடம் சொல்ல முடியாது.

அடுத்தது படம் எடுக்கிற விதம். பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் 1977இல் முன்வைத்த எக்கோ பிளானர் முறையில் ஒரே ஒரு ரேடியோ துடிப்பு கொடுத்துவிட்டு ஒரு ஸ்லைஸின் (மூளையின் ஒரு குறுக்குவெட்டின்) எல்லா வரிகளையும் ஒரே மூச்சில் வாசித்துவிடுவார்கள். மேட்டூரில் ஒருமுறை திறந்த தண்ணீரையே தலைமடையிலிருந்து கடைமடை வரைக்கும் பாய்ச்சுவது மாதிரி, வரி போகப் போக சிக்னல் குறையும், வழியில் இருக்கிற கோளாறு எல்லாம் சேர்ந்துகொண்டே போகும். 64 வரி, வரிக்கு 0.5 மில்லி செகண்டு என்றால் மொத்தம் 32 மில்லி செகண்டு. அப்படியானால் ஃபேஸ் திசையில் (வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படும் திசை) ஒரு பிக்சலுக்குக் கிடைப்பது சுமார் 31 ஹெர்ட்ஸ்தான். ஓரிடத்தில் புலம் மாறி, சிக்னலின் அலைவெண் 100 ஹெர்ட்ஸ் தள்ளியிருந்தால் அந்த இடம் மூன்று பிக்சலுக்கு மேல் நகர்ந்துவிடும், 3 மி.மீ பிக்சலில் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர். வாசிப்புத் திசையில், அதாவது ஒரு வரிக்குள்ளேயே, பிக்சலுக்கு 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதால் அதே 100 ஹெர்ட்ஸ் அங்கே கண்ணுக்கே தெரியாது. இந்தக் கணக்கை ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பாருங்கள், ஏன் எல்லாக் கோணலும் ஒரே திசையில் வருகிறது என்பது பிடிபட்டுவிடும்.

எதையும் திருத்துவதற்கு முன்னால்

எந்திரம் தருகிற மூல டைகாம் படத்தை அப்படியே வைத்துவிட்டு, ஆய்வு சாஃப்ட்வேருக்காக மாற்றிய நிஃப்டி கோப்பைத் திறந்து சினிமா மாதிரி ஓட விடுங்கள். இதைச் செய்யாமல் நேராக பைப்லைனுக்குள் (கணக்குகளை வரிசையாக ஓட்டும் சாஃப்ட்வேருக்குள்) போடுகிறவர்கள்தான் பின்னால் அதிகமாக அவதிப்படுகிறார்கள். ஓடும்போது மூளை துள்ளுகிறதா, மெல்ல நகர்கிறதா, திடீரென்று ஒரு ஸ்லைஸ் மட்டும் மின்னுகிறதா என்று பாருங்கள். அப்புறம் இரண்டு படம் உண்டாக்குங்கள்: எல்லா நேரங்களுக்குமான சராசரி, திட்ட விலக்கம். சராசரியை விலக்கத்தால் வகுத்தால் கிடைப்பது காலவழி சிக்னல்-இரைச்சல் விகிதம். 3 டெஸ்லாவில், 3 மி.மீ வாக்சலில் (வாக்சல் என்பது முப்பரிமாணப் பிக்சல்), மூளைப் புறணியில் அது 50க்குக் கீழே போனால் நான் மேற்கொண்டு போகமாட்டேன், காரணம் தேடுவேன். விலக்கப் படத்தை உற்றுப் பார்ப்பது ரொம்ப முக்கியம். சராசரியில் ஒளிந்திருக்கிற கோஸ்ட்டும் (நிழல் படமும்) கோடும் அதில் பளிச்சென்று தெரியும்.

ஃபேஸ் திசை எது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முன்னிருந்து பின்னா, பின்னிருந்து முன்னா? கன்சோலில் பார்த்து நோட்டில் எழுதுங்கள். டைகாமிலிருந்து மாற்றும்போது கூடவே வரும் ஜேசன் என்ற ஸ்கேன் விவரக் கோப்பிலும் அது இருக்கும், 'ஜே' அல்லது 'ஜே மைனஸ்' என்று. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் ஆகுமா? ஆகாது.

முதல் இரண்டு மூன்று படங்கள் மட்டும் அதிக வெளிச்சமாக இருந்தால் அது கோளாறே இல்லை. காந்தமாக்கம் நிலைபெற அந்த நேரம் ஆகும். வெட்டிவிடுங்கள், ஆனால் வெட்டியதைத் தூண்டல் (ஆளுக்குக் காட்டுகிற படம், கேட்க வைக்கிற ஒலி) நேரக் கணக்கிலும் கழிக்க மறக்காதீர்கள்.

நெற்றிப் பக்கம் அமுங்கியோ நீண்டோ இருக்கிறது

அதே ஆளுக்குத் தனியாக எடுத்த, மூளையின் அமைப்பைக் காட்டும் உடற்கூறுப் படத்தின் மேல் இதை வைத்தால் முன்மூளை மண்டையோட்டைத் தாண்டிப் போகிறது, அல்லது உள்ளே சப்பையாக ஒதுங்கி நிற்கிறது. இது இடம் மாறிய சிக்னல். காற்றுக்கும் திசுவுக்கும் காந்த ஏற்புத்திறனில் பத்து லட்சத்தில் சுமார் 9 பங்கு வித்தியாசம், அதனால்தான் மூக்கறை, காதுத்துளை பக்கம் புலம் வளைகிறது.

திருத்த இரண்டு வழி பழக்கத்தில் இருக்கிறது. ஒன்று, 1995இல் ஜெஸ்ஸர்டும் பலபனும் எழுதிய ஃபீல்டு மேப் முறை: இரண்டு எக்கோ நேரத்தில் (துடிப்பு கொடுத்ததிலிருந்து சிக்னலை வாசிக்கும் வரையான நேரம்) எடுத்த, சிக்னல் எவ்வளவு சுழன்றிருக்கிறது என்று காட்டும் ஃபேஸ் படங்களின் வித்தியாசத்திலிருந்து புலத்தை அளந்து, எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவு திருப்பி நகர்த்துவது. இன்னொன்று, ஃபேஸ் திசையை நேரெதிராக மாற்றி இரண்டு குட்டிப் படம் எடுத்து, இரண்டும் ஒன்றாகும்படி புலத்தைக் கணக்கிடும் டாப்அப் முறை. ஆண்டர்சன் குழு 2003இல் தந்தது. நமக்குக் கிடைக்கிற நேரம் ராத்திரி ஒரு மணி, ஒன்றரை மணி, அதற்குள் ஆளை மாற்ற வேண்டும், அதனால் நான் இரண்டாவதையே சொல்வேன். எதிர்த்திசைப் படம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் அதைச் செயல்பாட்டு ஓட்டத்துக்கு (எஃப்.எம்.ஆர்.ஐ எடுக்கும் ஸ்கேனுக்கு) பக்கத்திலேயே எடுங்கள், முதலில் எடுத்துவிட்டு அரைமணி கழித்து வேலையை ஆரம்பித்தால் தலை எங்கேயோ நகர்ந்திருக்கும், அந்தப் புலம் இந்தத் தலைக்குப் பொருந்தாது. ஆளை நடுவில் எழுப்பித் தண்ணீர் குடிக்க விட்டீர்களானால் ஷிம்மும் (தலைக்குள் புலத்தைச் சமன் செய்வது) மறுபடி போடப்படும், அப்போது எதிர்த்திசைப் படமும் புதிதாகத்தான் எடுக்க வேண்டும்.

திசையைத் தேர்ந்தெடுக்கிற கட்டத்திலேயே ஒன்றை யோசியுங்கள். ஒரு திசையில் முன்மூளை அமுங்கும், எதிர்த்திசையில் நீளும். நீண்டதைச் சுருக்கி விடலாம். அமுங்கியதில் பல இடத்துச் சிக்னல் ஒரே பிக்சலில் குவிந்துவிடுகிறது, அந்த ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதைப் பிரிக்க முடியாது. முன்மூளைதான் உங்கள் கேள்வி என்றால் நீளும் திசையை எடுங்கள். எது நீள்கிறது என்று உங்கள் எந்திரத்தில் ஒருமுறை இரண்டையும் எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்வதே நல்லது, வேறு எந்திரத்துக்காரர் சொன்னதை நம்ப வேண்டாம்.

கோணலையே குறைக்க வேண்டுமானால் பேரலல் இமேஜிங் (சில வரிகளை விட்டுவிட்டு வேகமாக வாசிக்கும் முறை) போடலாம். இரண்டு மடங்கு வேகப்படுத்தினால் கோணல் பாதியாகும். இரைச்சல் கொஞ்சம் ஏறும், அதற்குச் சம்மதம் என்றால் போடுங்கள். 1.5 டெஸ்லா எந்திரம்தான் கிடைக்கிறது என்று வருத்தப்படுகிறவர்களுக்கு ஒரு ஆறுதல்: அதே காற்றறை அங்கே பாதி ஹெர்ட்ஸ்தான் நகர்த்தும்.

திருத்திய பிறகு முன்னைவிட மோசமாகிவிட்டது

அதிகமாக வருகிற புகார் இதுதான். கோணல் கிட்டத்தட்ட இரட்டிப்பாகத் தெரிந்தால் திசையின் குறி மாறியிருக்கிறது, வேறு காரணம் தேட வேண்டாம். குறியை மாற்றி ஓட்டிப் பாருங்கள், இரண்டு முடிவையும் உடற்கூறுப் படத்தின் மேல் வைத்துக் கண்ணால் பாருங்கள். மூளையின் விளிம்பைப் பார்ப்பதைவிட உள்ளே வென்ட்ரிக்கிளை (மூளைக்குள் நீர் நிறைந்த அறையை) பார்ப்பது தெளிவு.

டாப்அப்பில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டு திசையையும் சேர்த்தே தலைகீழாக எழுதிவிட்டால் கணக்கிட்ட புலத்தின் குறிதான் மாறும், திருத்திய படம் சரியாகவே வரும். அதேபோல இரண்டுக்கும் ஒரே வாசிப்பு நேரம் என்றால், அந்த எண்ணைத் தப்பாகக் கொடுத்தாலும் படம் தப்பாது. இதைப் பார்த்துத் தைரியமாகி, அந்தப் புலத்தையே எடுத்து வேறு வாசிப்பு நேரமுள்ள இன்னொரு ஓட்டத்துக்குப் போடும்போதுதான் எல்லாம் உடையும். எனவே முதலிலேயே சரியான எண்ணைக் கொடுங்கள். பேரலல் இமேஜிங் போட்டிருந்தால் கன்சோல் காட்டுகிற எக்கோ இடைவெளியை வேக மடங்கால் வகுக்க வேண்டும். ஜேசன் கோப்பில் வருகிற 'எஃபெக்டிவ்' இடைவெளி வகுத்துத்தான் வரும், அதை மறுபடி வகுத்துவிடாதீர்கள்.

திருத்தம் நடந்ததாகவே தெரியவில்லை, லேசாக அசைந்தது அவ்வளவுதான் என்றால் அலகைப் பாருங்கள். எஃப்.எஸ்.எல் சாஃப்ட்வேரில் ஃபீல்டு மேப் வைத்துத் திருத்தும் ஃபியூக் என்ற கருவி வினாடிக்கு எத்தனை ரேடியன் என்று கேட்கும், டாப்அப் தருகிற புலம் ஹெர்ட்ஸில் இருக்கும். மாற்றாமல் கொடுத்தால் 6.28 மடங்கு குறைவான திருத்தம்தான் கிடைக்கும். சீமென்ஸ் எந்திரத்து ஃபேஸ் படத்தில் எண்கள் 0 முதல் 4095 வரையோ, மைனஸ் 4096இல் தொடங்கியோ இருக்கும். அது ரேடியனே இல்லை, எந்த வீச்சில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

படத்தில் ஒரு இடம் மட்டும் கிழிந்த மாதிரி, பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் எதிரெதிராக ஓடியிருந்தால் ஃபேஸின் அளவு எல்லையைத் தாண்டி மறுபக்கம் சுற்றி வந்துவிட்டது. 3 டெஸ்லாவில் வழக்கமாக இரண்டு எக்கோவுக்கும் இடைவெளி 2.46 மில்லி செகண்டு. அதில் 203 ஹெர்ட்ஸைத் தாண்டிய இடமெல்லாம் எதிர்ப்பக்கம் சுற்றி வந்து நிற்கும். அந்தச் சுற்றை அவிழ்க்கும் அன்ராப் என்ற படி ஓடியதா, மூளை முகமூடி (கணக்கில் சேர வேண்டிய இடத்தைக் குறிக்கும் படம்) மண்டையோட்டுக்கு வெளியே இரைச்சலையும் சேர்த்துக்கொண்டதா என்று பாருங்கள். முகமூடியைக் கொஞ்சம் இறுக்கினாலே பாதிக் கிழிசல் போய்விடும்.

கண்ணுக்கு மேலேயும் காதுக்கு மேலேயும் கறுப்பு ஓட்டை

இங்கேதான் ஜனங்கள் ஏமாறுகிறார்கள். கோணலைத் திருத்தியபிறகு விளிம்பு அழகாக உட்கார்ந்துவிடும், எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும், ஓட்டை மட்டும் அப்படியே இருக்கும். காரணம், ஒரே வாக்சலுக்குள் புலம் சரிந்திருப்பதால் உள்ளே இருக்கிற புரோட்டான்கள் ஒன்றுக்கொன்று விலகிச் சுழன்று ஒன்றையொன்று அழித்துவிட்டன. வாசிப்பதற்கு முன்பே போய்விட்ட சிக்னல் அது. ஃபீல்டு மேப், டாப்அப், எதைப் போட்டாலும் திரும்பாது. கண்குழிக்கு மேலிருக்கும் முன்மூளைப் புறணியும், பொட்டு மூளையின் அடிப்பகுதியும் நிரந்தரமாக இதில் மாட்டும்.

செய்ய வேண்டியதெல்லாம் ஸ்கேன் எடுக்கும்போதுதான். ஸ்லைஸை மெலிதாக்குங்கள், 4 மி.மீயிலிருந்து 2 அல்லது 2.5க்கு வந்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், வாக்சலுக்குள் சரிவு குறைகிறது அல்லவா. ஸ்லைஸைச் சாய்த்தும் பாருங்கள்: முன், பின் காமிஷர்கள் (மூளையின் இரு பாதியை இணைக்கும் நரம்பு இழைக் கட்டுகள்) வழியாகப் போகும் கோட்டிலிருந்து சுமார் 30 டிகிரி. எந்தப் பக்கம் சாய்த்தால் நல்லது என்பது ஃபேஸ் திசையின் குறியையும் சேர்த்து மாறும், எனவே இரண்டு பக்கமும் சாய்த்து ஒவ்வொரு நிமிடம் எடுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எக்கோ நேரத்தை 3 டெஸ்லாவில் வழக்கமான 30 மில்லி செகண்டிலிருந்து 25 பக்கம் இறக்கலாம். ரொம்ப இறக்கினால் ஓட்டை சிறுத்துவிடும், கூடவே தேடி வந்த ஆக்சிஜன் சிக்னலும் சிறுத்துவிடும். ஒரே துடிப்புக்குப் பல எக்கோ நேரத்தில் படம் எடுக்கும் மல்டி எக்கோ வசதி இருந்தால் அதைப் போடுங்கள், என் கணக்கில் அதுதான் சிறந்த வழி.

ஷிம் பெட்டியைக் கவனியுங்கள். டெக்னீஷியன் அவசரத்தில் எந்திரம் தானாக வைத்த பெட்டியை அப்படியே விட்டிருப்பார், அதில் பாதி தாடையும் கழுத்தும் வெளிக்காற்றும் இருக்கும். பெட்டியை மூளையை மட்டும் அணைத்தபடி வையுங்கள். கழுத்தைச் சமன் செய்ய எந்திரம் பாடுபடும் நேரத்தில் உங்கள் முன்மூளையின் சமன்தான் கெடுகிறது.

ஆய்வேட்டில் எழுதும்போது: ஓட்டை விழுந்த இடத்தில் செயல்பாடு தெரியவில்லை என்றால் அது "செயல்பாடு இல்லை" ஆகாது. குழுவில் ஒருவருக்கு ஓட்டை பெரிதாக இருந்தாலே பொது முகமூடியிலிருந்து அந்த இடம் எல்லோருக்கும் வெட்டப்பட்டுவிடும். முகமூடியைத் திறந்து பார்த்து, எந்தெந்த இடம் இல்லை என்று எழுதிவிடுங்கள். தேர்வாளர் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்வது மரியாதை.

வழக்கமில்லாத இடத்தில் ஓட்டை, அதுவும் ஒரு பக்கம் மட்டும்

உலோகம். இதைத் தேட சாஃப்ட்வேர் வேண்டாம், ஆளை வெளியே அழைத்து வந்து கேட்டாலே போதும். நம் பக்கத்தில் பட்டியலே தனி: கொண்டைக்குள் ஒளிந்திருக்கிற ஹேர்பின், மூக்குத்தி, தாலிக்கயிற்றில் மாட்டிய ஊக்கு, அரைஞாணில் கோத்த தாயத்து, இரும்பு ஆக்சைடு கலந்த கண்மை. "அம்மா, உடம்புல உலோகம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்லைப்பா" என்றுதான் பதில் வரும். "தாலியில ஊக்கு மாட்டியிருக்கீங்களாம்மா?" என்று கேளுங்கள், "அட, அது எப்பவும் கெடக்குமே தம்பி" என்பார்கள். பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். தாலியைக் கழற்றச் சொன்னால் தயங்குபவர்களுக்கு மஞ்சள் கயிறு மட்டும் இருந்தால் போதும் என்று முதல் நாளே போனில் சொல்லிவிடுங்கள், வாசலில் நின்று பேசினால் இரண்டு பேருக்கும் சங்கடம். திருபுவனம் பட்டோ வேறு பட்டோ, ஜரிகை வைத்த துணியோடு உள்ளே அனுப்பவே கூடாது, ஜரிகையில் உலோக இழை இருக்கிறது, ரேடியோ அலையில் சூடாகித் தோலைச் சுட்டுவிடலாம். எல்லோருக்கும் சென்டர் அங்கிதான்.

ஊக்கும் ஹேர்பின்னும் படத்தைக் கெடுக்கும் விஷயம் மட்டும் கிடையாது, காந்தம் இழுத்துப் பறக்கக்கூடியவை. இந்தச் சோதனை கதவுக்கு வெளியேதான் முடிய வேண்டும். கரண்ட் போயிருந்தாலும் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும், மீக்கடத்திக் கம்பியில் ஓடுகிற மின்னோட்டத்துக்கு வெளி மின்சாரம் தேவையில்லை. 2018 கஜா புயலுக்குப் பிறகு நாள் கணக்கில் இருட்டில் கிடந்த ஊர்க்காரர்களான நமக்கு இதைத் தனியாக ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

கழற்ற முடியாதவை உண்டு: பல் கம்பி, பல் உறை, பழைய அறுவை சிகிச்சைத் தகடு. முதலில் அது எம்.ஆர்.ஐக்குப் பாதுகாப்பானதா என்று ரேடியாலஜிஸ்ட் முடிவு செய்யட்டும். பாதுகாப்புதான், ஆனால் முன்மூளை முழுக்கக் கறுப்பு என்றால் அந்த ஆளை ஆய்விலிருந்து விட்டுவிடுங்கள். பல் கம்பி போட்ட கல்லூரிப் பிள்ளைகளை முன்கூட்டியே கேட்டுப் பிரித்துவிட்டால் ஸ்லாட் வீணாகாது.

மூளையின் மேல் இன்னொரு மங்கலான மூளை

சரியாக அரைப் பட அகலம் தள்ளி ஒரு நிழல் நிற்கிறதா? 64 வரிப் படத்தில் 32 பிக்சல் தள்ளி. ஒற்றைப்படை வரிகளை ஒரு திசையிலும் இரட்டைப்படை வரிகளை எதிர்த்திசையிலும் வாசிக்கிறோம், இரண்டுக்கும் இடையே துளி நேரம் பிசகினால் இந்த கோஸ்ட் வரும். சுழல் மின்னோட்டம், கிரேடியன்ட் (புலத்தை வேண்டியபடி சரிக்கும் சுருள்) தாமதம், சாய்வான ஸ்லைஸ், மோசமான ஷிம் எல்லாம் காரணமாகலாம். ஸ்கேனுக்கு முன் எந்திரம் தன்னைச் சரிசெய்துகொள்ளும் ப்ரீஸ்கேனை மறுபடி ஓட்டுங்கள். போகவில்லையா, ஆளை இறக்கிவிட்டு ஃபான்டத்தை (தலைக்குப் பதிலாக வைக்கும் சோதனைப் பொருளை) வைத்து அதே புரோட்டோகாலை ஓட்டுங்கள். ஃபான்டத்திலும் இருந்தால் சர்வீஸ் இன்ஜினீயரைக் கூப்பிட வேண்டியதுதான். ஃபான்டத்தில் இல்லாமல் ஆளிடம் மட்டும் இருந்தால் ஷிம், சாய்வு, அசைவு என்று தேடுங்கள்.

கோஸ்ட்டைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். கண்விழி அசைந்துகொண்டே இருக்கும், அதன் கோஸ்ட் மூளையின் நடுவில் வந்து விழும், படம் காட்டும்போதெல்லாம் கண் அசைந்தால் அங்கே அழகான "செயல்பாடு" கிடைக்கும்.

முழு மூளையாக இல்லாமல் பிறை மாதிரி வெளிச்சமான ஒரு வளைவு மட்டும் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தால் அது தலைத்தோலின் கொழுப்பு. கொழுப்பு 3 டெஸ்லாவில் நீரிலிருந்து சுமார் 435 ஹெர்ட்ஸ் தள்ளி ஒலிக்கிறது, மேலே போட்ட கணக்கில் 14 பிக்சல், நாலு சென்டிமீட்டர். கொழுப்பு அடக்கும் துடிப்பு அணைந்திருக்கிறதா, மைய அலைவெண் சரியாகப் பிடிக்கப்பட்டதா என்று பாருங்கள். இது இரண்டு நிமிட வேலை.

படம் முழுக்கக் கோடு, அல்லது ஒரு ஸ்லைஸ் மட்டும் மின்னல்

ஒரே ஒரு படத்தில், ஒரே ஒரு ஸ்லைஸில் கோடுகள் சாய்வாக ஓடினால் ஸ்பைக். எங்கேயோ தீப்பொறி மாதிரி ஒரு மின் கசிவு. கிரேடியன்ட் கேபிளில் தளர்ந்த திருகு, சிக்னலை வாங்கத் தலையைச் சுற்றி மாட்டும் காயிலின் சாக்கெட்டில் சரியாக உட்காராத இணைப்பு, உலோகத்தோடு உலோகம் உரசுவது. பழுதைத் தேடும்போது கட்டிலை ஆட்டிப் பார்த்து, காயிலைக் கழற்றி மாட்டி, ஃபான்டத்தோடு அதிக சத்தம் போடும் புரோட்டோகாலை ஓட்டிப் பாருங்கள். பாதிக்கப்பட்ட ஸ்லைஸ் ஒன்றிரண்டு என்றால் அந்தப் படங்களைப் புள்ளியியல் மாடலில் தனியாகக் குறித்து ஒதுக்கலாம். நிறைய என்றால் அந்த டேட்டாவைக் காப்பாற்றப் போராடாதீர்கள்.

எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் புள்ளிக் கோடு நின்றால் அது வெளியிலிருந்து வரும் ரேடியோ அலை. கதவு முழுசாக மூடியதா? தூண்டல் காட்டுகிற புரொஜெக்டர் வயரை வசதிக்காகக் கதவிடுக்கில் இழுத்து வந்தார்களா? இதுதான் ஆராய்ச்சி இரவுகளில் பெரும்பாலும் காரணம். பட்டன் பெட்டி, ஹெட்போன், எந்த வயரானாலும் வடிகட்டி உள்ள பேனல் வழியாகத்தான் வர வேண்டும். ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள், எது பிடுங்கியதும் கோடு போகிறதோ அதுதான் குற்றவாளி. நாகப்பட்டினம், வேதாரண்யம் மாதிரி கடலோரத்தில் கதவு விளிம்பின் செம்புப் பட்டைகளில் களிம்பு ஏறித் தொடுப்பு விட்டுப் போகும், துடைக்கச் சொல்லுங்கள்.

மூளை மெல்ல ஒரே பக்கம் நகர்ந்துகொண்டே போகிறது

சாஃப்ட்வேர் தருகிற அசைவு வரைபடத்தில் (மூன்று நகர்வு, மூன்று சுழற்சி, ஆக ஆறு கோடு) ஃபேஸ் திசை மட்டும் ஒரே சீராக ஏறுகிறது அல்லது இறங்குகிறது, மற்ற ஐந்து கோடும் தட்டையாக இருக்கின்றன. ஆள் அசையவில்லை. எந்திரம் சூடாகியிருக்கிறது. கிரேடியன்ட் சூட்டில் பக்கத்தில் இருக்கிற இரும்பு ஷிம் துண்டுகளும் சூடேறி மையப்புலம் நகரும். 10 ஹெர்ட்ஸ் நகர்ந்தால் நம் கணக்கில் ஏறக்குறைய 1 மி.மீ. கிரேடியன்ட்டை அதிகம் சூடாக்கும் டிஃப்யூஷன் ஸ்கேன் முடித்த கையோடு எஃப்.எம்.ஆர்.ஐ எடுத்தால் இது நிச்சயம் தலைகாட்டும், வரிசையை மாற்றுங்கள்: செயல்பாட்டு ஓட்டம் முதலில், டிஃப்யூஷன் கடைசியில். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் அலைவெண்ணை மறுபடி பிடிக்கச் சொல்லுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் சில்லர் (எந்திரத்தைக் குளிர்விக்கும் கருவி) திணறுகிற நாளில் இந்த நகர்வு கூடுகிறதா என்று ஃபான்டம் வைத்துப் பார்த்து வைத்துக்கொண்டால் சர்வீஸ்காரரிடம் பேச வசதி. ஜெனரேட்டருக்கு மாறி, மறுபடி லைனுக்கு வந்த உடனேயும் எடுக்காதீர்கள், சில்லர் நிலைப்பட விடுங்கள்.

மீதமுள்ள மெதுவான சரிவை மெதுவான மாற்றங்களை நீக்கும் ஹைபாஸ் ஃபில்டர் எடுத்துவிடும், எஸ்.பி.எம் சாஃப்ட்வேரில் வழக்கமான வெட்டு 128 வினாடி. ஆனால் உங்கள் தூண்டலின் சுழற்சியே அதைவிட நீளமாக இருந்தால் ஃபில்டர் உங்கள் விளைவையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடும். இரண்டு நிமிடம் பாசுரம் கேட்க வைத்து இரண்டு நிமிடம் ஓய்வு கொடுக்கிற மாதிரி வடிவமைத்தால் சுழற்சி 240 வினாடி, அப்படியே போயிற்று. பிளாக்கை இருபது, முப்பது வினாடிக்குச் சுருக்குங்கள்.

ஃபேஸ் திசையில் மட்டும் சீரான துடிப்பு

முந்தையதன் தம்பி. நெஞ்சுக்கூடு ஏறி இறங்கும்போது தலையிருக்கும் இடத்துப் புலமும் கொஞ்சம் மாறும், தலை அசையாமலே படம் அசையும். மூச்சு 0.2 முதல் 0.3 ஹெர்ட்ஸ், வரைபடத்தில் அந்தத் தாளம் தெரிந்தால் அதுதான். இதை நிஜ அசைவு என்று எண்ணி, படத்துக்குப் படம் 0.2 மி.மீ என்ற கடும் வரம்பில் வெட்ட ஆரம்பித்தால் நல்ல டேட்டா எல்லாம் குப்பைக்குப் போகும்.

படமெடுக்கும் இடைவெளி 2 வினாடி என்றால் 0.25 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதெல்லாம் மடிந்து வேறு இடத்தில் வந்து நிற்கும். நிமிடத்துக்கு 66 முறை துடிக்கும் இதயம், அதாவது 1.1 ஹெர்ட்ஸ், 0.1 ஹெர்ட்ஸாக வேஷம் போடும், ஓய்வுநிலை (வேலை எதுவும் கொடுக்காமல் எடுக்கிற) ஆய்வுக்காரர்கள் தேடுகிற அதே பட்டையில். பிற்பாடு ஃபில்டர் போட்டு இதை எடுக்க முடியாது. மூச்சுப் பட்டியும் விரல் கிளிப்பும் கன்சோலோடு சேர்ந்தே வந்திருக்கும், அலமாரியில் உறை பிரிக்காமல் கிடக்கும், எடுத்து மாட்டிப் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவு இருந்தால் ரெட்ரோஐகார் மாதிரி முறையில் கழித்துவிடலாம்.

நிஜமாகவே தலையாட்டுகிறவர்களுக்கு இது எதுவும் உதவாது. தலை சாய்ந்தால் காற்றறையும் சேர்ந்து சாயும், புலமே மாறும், ரியலைன் செய்வது (படங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்துவது) தலையைத்தான் திருப்பும், அந்தக் கோணலைத் திருப்பாது. இரண்டு பக்கமும் பஞ்சு வைத்து இறுக்குங்கள். "ஆமாம்" என்பதற்குத் தலையாட்டாமல் பட்டனை அழுத்த வேண்டும் என்பதை வெளியிலேயே பழக்கிவிடுங்கள்.

படம் சுத்தம், ஆனால் செயல்பாடு வேறெங்கோ

கைவிரல் தட்டச் சொன்னால் செயல்பாடு மையப் பள்ளத்தில் வராமல் ஒரு மடிப்பு தள்ளி வருகிறது. திருத்தாத படத்தை உடற்கூறுப் படத்தோடு பொருத்தியிருப்பீர்கள், திருத்திய பிறகே பொருத்துங்கள். அப்படியும் தள்ளியிருந்தால் பெரிய சிரை ஒன்று அங்கே ஓடுகிறதா பாருங்கள். ஆக்சிஜன் சிக்னல் இரத்தம் வடியும் பாதையிலும் தெரியும், நரம்பணு வேலை செய்த இடத்தில் மட்டும் நிற்காது. சிக்னல் ஏற்றம் ஐந்து சதவீதத்துக்கு மேலே போனால் எனக்கு முதலில் சிரைமேல்தான் சந்தேகம்.

கட்டிக்கு அறுவை சிகிச்சை திட்டமிடுவதற்காக மொழிப் பகுதியைத் தேடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பழைய இரத்தக் கசிவின் இரும்பும் முந்தைய அறுவை சிகிச்சையின் எச்சமும் பக்கத்திலேயே ஓட்டை போட்டு வைத்திருக்கும், கட்டியைச் சுற்றி இரத்த ஓட்டத்தின் பதில்வினையே கெட்டிருக்கலாம். வண்ணப் படத்தோடு திருத்தாத மூலப் படத்தையும் சேர்த்தே நரம்பியல் அறுவை மருத்துவரிடம் கொடுங்கள், எங்கே சிக்னலே இல்லை என்று பேனாவால் வட்டம் போட்டு.

வலது கை தட்டியதற்கு வலது பக்கமே செயல்பாடு வந்தால் மாற்றும் வழியில் இடவலம் புரண்டிருக்கிறது. மீன் எண்ணெய் மாத்திரை ஒன்றை ஒவ்வொரு ஆளுக்கும் வலது நெற்றிப் பொட்டில் பிளாஸ்டர் போட்டு ஒட்டிவிடுங்கள். உடற்கூறுப் படத்தில் அது வெள்ளையாகத் தெரியும். மருந்துக்கடையில் வாங்கும்போது மாத்திரை முழுக்க ஜெலட்டின் உறைதானா என்று பார்த்து வாங்குங்கள், அலுமினியத் தாள் அட்டையிலிருந்து பிரித்துவிட்டு ஒட்டுங்கள், அட்டையோடு ஒட்டியும் வந்திருக்கிறார்கள்.